மனவடுச் சிகிச்சையில் மேற்பார்வை: பெர்லின் மருந்தகம் முதல் இன்று வரை

உளச்சிகிச்சையாளர் ஒருவர் தாம் நடத்தும் சிகிச்சையை மூத்தவர் ஒருவரிடம் குறித்த நாளில், குறித்த நேரத்தில் எடுத்துச் சொல்லி, அவரோடு சேர்ந்து ஆராய்வதை இத்துறையில் மேற்பார்வை என்கிறார்கள். அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்க்கும் மேற்பார்வைக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. இதன் வரலாற்றை எழுதியவர்களில் பலர் அதைப் பயிற்சிமுறையின் வரலாறாகவே எழுதிவிட்டார்கள். மாணவர் எப்படித் தேறுகிறார், பிழைகள் எப்படித் திருத்தப்படுகின்றன என்பதே அவர்கள் அக்கறை. இக்கட்டுரை கேட்பது வேறு. வன்புணர்வுக்கும் வதைக்கும் போருக்கும் ஆளானவர்களின் கதைகளை நாள்தோறும் கேட்பவருக்கும் அதனால் ஊறு நேரும் என்பதை மேற்பார்வை எப்போது கணக்கில் எடுத்தது? அதற்கு ஏன் எழுபது ஆண்டு ஆயிற்று?

போரிலிருந்து வந்தவர்கள்

1920 பிப்ரவரி 14 அன்று பெர்லினின் பொட்ஸ்டாமர் தெருவில் உளப்பகுப்பாய்வு மருந்தகம் ஒன்று திறக்கப்பட்டது. கையில் காசில்லாதவர்களுக்கும் அங்கே சிகிச்சை உண்டு. நிறுவியவர்கள் மாக்ஸ் ஐட்டிங்கோன், கார்ல் ஆபிரகாம், எர்ன்ஸ்ட் சிம்மல். பணத்தில் பெரும்பங்கு ஐட்டிங்கோன் குடும்பத்தின் ரோமத்தோல் வணிகத்திலிருந்து வந்தது. பகுப்பாய்வாளராக விரும்பியவர் அங்கே மூன்றைச் செய்ய வேண்டும்: தம்மையே பகுப்பாய்வுக்கு உட்படுத்திக்கொள்வது, பாடம் கேட்பது, மூத்தவர் கண்பார்வையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை தருவது. மூன்றாவதைக் ‘கட்டுப்பாட்டுப் பகுப்பாய்வு’ என்று அழைத்தார்கள். 1925இல் பாட் ஹோம்பர்க் மாநாட்டில் பன்னாட்டுப் பயிற்சி ஆணையம் அமைந்து, ஐட்டிங்கோனே அதன் தலைவரானதும் இந்த மூன்றடுக்கு முறை ஊர் ஊராகப் பரவியது. இன்றைய மேற்பார்வையின் தாய்வேர் இதுதான்.

இந்த மூவரும் முதல் உலகப்போரில் இராணுவ மருத்துவர்களாக இருந்தவர்கள். பதுங்குகுழியில் பேச்சிழந்து, கைகால் நடுங்கி, நடக்க முடியாமல் வந்த வீரர்களுக்கு ஆபிரகாம் ஆலன்ஸ்டைனிலும் சிம்மல் போசனிலும் சிகிச்சை தந்தார்கள். ஐட்டிங்கோன் ஹங்கேரியில் பணிபுரிந்தார். 1918 செப்டம்பரில் புடாபெஸ்ட்டில் கூடிய உளப்பகுப்பாய்வு மாநாட்டின் முதன்மைப் பொருளே போர் நரம்பு நோய்தான். இராணுவ அதிகாரிகளும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். ஏழைகளுக்கு இலவச மருந்தகங்கள் வேண்டும் என்று ஃபிராய்ட் பேசியது அந்த மேடையில்தான். அதற்குப் பதினேழு மாதம் கழித்துத் திறந்ததே பெர்லின் மருந்தகம்.

ஆகப் போரின் மனவடுவைக் கையால் தொட்டவர்கள்தாம் மேற்பார்வையை ஓர் ஏற்பாடாக ஆக்கினார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் மனவடு நுழையவில்லை. மாணவர் எழுதிக்கொண்டு வந்த குறிப்புகளைப் பார்த்து அவர் செய்த பிழையைக் காட்டுவதே மூத்தவரின் வேலையாக இருந்தது. நோயாளியின் பேச்சு சிகிச்சையாளருக்குள் கிளப்பும் உணர்ச்சிகளை ஃபிராய்ட் 1910இலேயே நியூரம்பர்க் உரையில் சுட்டியிருந்தார். எனினும் சிகிச்சையாளர் கண்டறிந்து அடக்கிக்கொள்ள வேண்டிய தடையாகத்தான் அவர் அதைக் கண்டார். அப்படித் தடுமாறும் மாணவர் தம் சொந்தப் பகுப்பாய்வாளரிடம் போய்க்கொள்ளலாம். மேற்பார்வை அறைக்கு அதைக் கொண்டுவர வேண்டியதில்லை.

எதிர்க்குரல் ஒன்று புடாபெஸ்ட்டிலிருந்து எழுந்தது. மாணவரின் முதல் நோயாளியை அவருடைய சொந்தப் பகுப்பாய்வாளரே மேற்பார்க்க வேண்டும் என்றார் வில்மா கோவாச். நோயாளி மாணவருக்குள் எதைத் தொடுகிறார் என்பது அவருக்குத்தானே தெரியும் என்பது வாதம். 1936இல் அவர் கட்டுரை ஆங்கிலத்தில் வெளிவந்தபோது காலம் கைநழுவியிருந்தது. ஐட்டிங்கோன் 1933இலேயே பாலஸ்தீனத்துக்குப் போய்விட்டார். சிம்மல் பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறினார். கடல் கடந்து நிலைத்தது பெர்லின் முறைதான். கோவாச்சின் வழி வென்றிருந்தால் நாம் பேசும் வரலாறு முப்பது ஆண்டாவது முந்தியிருக்கும் என்பது என் கணிப்பு.

அறைக்குள் அறை

1940களில் ஒஹையோ அரசுப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ரோஜர்ஸ் சிகிச்சைப் பேச்சை இசைத்தட்டுக் கருவியில் பதிந்து மாணவர்களோடு கேட்கத் தொடங்கினார். நினைவிலிருந்து எழுதிய குறிப்பை மட்டுமே நம்பும் காலம் அதோடு முடிந்தது. சமூகப்பணித் துறையில் மேற்பார்வைக்குத் தனி மரபு உண்டு. நிர்வாகம், கல்வி, ஆதரவு என மூன்று பணிகளாக ஆல்ஃபிரட் கடூஷின் 1976இல் அதை வகுத்தார். இந்த ‘ஆதரவு’ என்ற சொல்லைச் சமூகப்பணியாளர்கள் கூச்சமில்லாமல் சொன்னபோது, உளப்பகுப்பாய்வாளர்கள் அதைச் சற்றுக் கீழாகவே பார்த்தார்கள்.

கருத்தளவில் பெரிய நகர்வு 1955இல் நிகழ்ந்தது. மேரிலாந்தின் செஸ்ட்நட் லாட்ஜ் மருத்துவமனையில் பணிபுரிந்த ஹரால்ட் சேர்ல்ஸ், மேற்பார்வை நேரத்தில் மேற்பார்வையாளருக்குத் திடீரென எழும் எரிச்சலும் தூக்கமும் அச்சமும் வெறும் சொந்தக் குறைபாடுகள் அல்ல, நோயாளியைப் பற்றிய தகவல்கள் என்று எழுதினார். மூன்றாண்டுக்குப் பின் கேன்சஸ் மாநிலம் டொபீகாவில் அப்போது இருந்த மெனிங்கர் நிறுவனத்தின் ருடால்ஃப் எக்ஸ்டைனும் ராபர்ட் வாலர்ஸ்டைனும் தங்கள் நூலில் இதை விரித்தார்கள். சிகிச்சை அறையில் நடப்பது மேற்பார்வை அறையில் மறுபடியும் நடக்கிறது. ‘இணைநிகழ்வு’ என்று இதைச் சொல்லலாம்.

கற்பனையாக ஒன்றை வைத்துப் பார்ப்போம். சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் ஒருவர் சிகிச்சைக்கு வருகிறார். முக்கியமான இடம் நெருங்கும்போதெல்லாம் பேச்சை மாற்றுகிறார். சிகிச்சையாளர் மேற்பார்வைக்கு வந்து வேறு மூன்று பேரைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, மணி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது இந்தப் பெண்ணைப் பற்றி வாயெடுக்கிறார். மேற்பார்வையாளருக்குச் சலிப்பு வருகிறது: “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே?” அந்தக் கேள்வியை அப்படியே வீசினால் மூன்றாவது முறையாக ஒருவர் வாயடைக்கப்படுகிறார். சலிப்பைக் கவனித்து, “இவரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதே கஷ்டமா இருக்கோ?” என்று கேட்டால் கதவு திறக்கிறது. மனவடு மேற்பார்வையின் இன்றைய கைமுறையில் பாதி இந்த ஒரு நுட்பத்திலிருந்து வந்ததுதான். ஆனால் எக்ஸ்டைனும் வாலர்ஸ்டைனும் இதைக் கற்றலில் நேரும் சிக்கலாகவே விளக்கினார்கள்; காயம் என்று பார்க்கவில்லை.

நம்பாத கூட்டம்

1969 செப்டம்பர். பாஸ்டனில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சாரா ஹேலி என்ற சமூகப்பணியாளருக்கு அன்று வேலையில் முதல் நாள். வியட்நாமிலிருந்து திரும்பிய ஒருவர் அவரிடம், தம் படைப்பிரிவு மை லாய் என்ற ஊரில் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றதாகவும், வெளியே சொன்னால் தொலைத்துவிடுவோம் என்று கூடப்போனவர்கள் மிரட்டியதாகவும் சொன்னார். பிறகு நடந்த ஊழியர் கூட்டத்தில் மூத்தவர்கள் அந்த வீரருக்கு ஐயநோய் கலந்த மனச்சிதைவு என்று முடிவுகட்டினார்கள். அவர் சொல்வதை மெய்யென்று வைத்துக்கொண்டால் வேறு நோய்க்குறி எதுவும் இல்லையே என்று ஹேலி வாதாடினார். சிரித்து மழுப்பிவிட்டார்கள். மை லாய்ப் படுகொலை நடந்தது 1968 மார்ச் 16. செய்மோர் ஹெர்ஷ் அதை நாளேடுகளில் வெளிக்கொணர்ந்தது 1969 நவம்பரில். ஹேலி நம்பியதற்குக் காரணம் இருந்தது. அவர் தந்தை இரண்டாம் உலகப்போரில் பங்கேற்றவர். போரில் என்னவெல்லாம் நடக்கும் என்பது வீட்டிலேயே அவர் காதில் விழுந்திருந்தது.

இந்த நிகழ்ச்சி இத்துறையின் வரலாற்று நூல்களில் நோயறிதலின் கதையாகவே சொல்லப்படுகிறது. 1980இல் ‘மனவடுவுக்குப் பிந்தைய நெருக்கடிக் கோளாறு’ அமெரிக்க மனநோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் ஏறியதற்கு ஹேலியும் ஒரு காரணம் என்பதால். எனக்கு அது மேற்பார்வை தோற்ற கதையாகவும் படுகிறது. புதியவர் ஒருவர் தாங்க முடியாத ஒன்றைக் கேட்டுவிட்டு மூத்தவர்களிடம் வருகிறார். மூத்தவர்களால் தாங்க முடியவில்லை. ஆகவே கதை பொய்யாகிறது, சொன்னவர் பைத்தியமாகிறார், கேட்டவர் அனுபவமில்லாதவராகிறார். ஹேலி 1974இல் எழுதிய கட்டுரை, கொடுமை செய்த வீரனின் வாக்குமூலத்தைக் கேட்பவர் தமக்குள் எழும் அருவருப்பையும், அதே சூழலில் தாமும் அப்படி நடந்திருக்கக்கூடும் என்ற திகிலையும் முதலில் எதிர்கொள்ள வேண்டும் என்றது. சிகிச்சையாளர் முதலில் செய்ய வேண்டியது தம்மோடு செய்வது. அதைத் தனியே செய்ய இயலுமா என்ற கேள்வி அங்கிருந்துதான் புறப்படுகிறது.

நியூயார்க்கில் யேல் டேனியலி நாஜி இனப்படுகொலையில் தப்பியவர்களுக்குச் சிகிச்சை தந்தவர்களை ஆராய்ந்தார். 1984இல் அவர் வெளியிட்ட முடிவு கசப்பானது. தப்பியவர்கள் பேசாமல் இருந்ததற்குச் சிகிச்சையாளர்களும் உடந்தை. குற்றவுணர்வு, கோபம், அச்சம், வெட்கம் ஆகியவற்றால் அவர்கள் பேச்சைத் திருப்பினார்கள். சிலர் தப்பியவர்களை வீரர்களாக்கி விலகி நின்றார்கள். வன்புணர்வு நெருக்கடி மையங்களில் பணிபுரிந்த பெண்களோ இதே அனுபவத்தை 1970கள் முழுதும் தங்களுக்குள் பேசி ஆற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடிப்பேசலை அன்று எந்தப் பாடநூலும் மேற்பார்வை என்று சேர்த்துக்கொள்ளவில்லை.

பெயர் கிடைத்த பிறகு

1990இல் லிசா மெக்கனும் லாரி ஆன் பேர்ல்மனும் ‘பிறர்வழி மனவடு’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். கேட்டுக் கேட்டுச் சிகிச்சையாளரின் அடிப்படை நம்பிக்கைகளே மாறுகின்றன என்பது அதன் சாரம். பாதுகாப்பு, நம்பிக்கை, மதிப்பு, நெருக்கம், கட்டுப்பாடு ஆகியவற்றைப் பற்றிய எண்ணங்கள் குலைகின்றன. தம் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட மனம் ஒப்பாது. இதைப் பணிச்சோர்வோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. விடுப்பு எடுத்தால் சோர்வு குறையும், மாறிப்போன உலகப்பார்வை திரும்பாது. 1995இல் பேர்ல்மனும் மெக்கியனும் 188 மனவடுச் சிகிச்சையாளர்களிடம் நடத்திய ஆய்வில், பணிக்குப் புதியவர்களிடமே பாதிப்பு அதிகம் தெரிந்தது. அமெரிக்கச் சமூகப்பணியாளர்களிடம் பிரையன் பிரைட் 2007இல் நடத்திய ஆய்வில் 15.2 விழுக்காட்டினர், பணியில் கேட்டவற்றாலேயே மனவடுக் கோளாற்றின் அளவுகோல்களை எட்டியிருந்தார்கள். கொடூர விவரங்களைத் தொழில்முறையில் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் அந்நோய்க்குக் காரணமாகலாம் என்று அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல் ஒப்புக்கொண்டது.

மாக்சின் ஹாரிஸும் ரோஜர் ஃபாலட்டும் 2001இல் வெளியிட்ட தொகுப்பு, நிறுவனம் முழுவதையும் மனவடு அறிந்து வடிவமைக்க வேண்டும் என்றது. அமெரிக்க அரசின் போதை, மனநலச் சேவை முகமை 2014இல் அதற்கு ஆறு கொள்கைகளை வகுத்தது: பாதுகாப்பு, ஒளிவுமறைவின்மை, சகாக்களின் துணை, கூட்டுழைப்பு, தேர்வுரிமை, பண்பாடும் பாலினமும் அறிதல். மேற்பார்வையில் இவை மிகச் சாதாரணமான பழக்கங்களாகவே வெளிப்படுகின்றன. கைபேசியை அணைத்துவிட்டு உட்கார்வது. கொடுமையின் முழு விவரத்தையும் கொட்டச் சொல்லாமல், “எவ்வளவு சொன்னால் போதும்?” என்று கேட்டுத் தொடங்குவது. தூக்கத்தையும் உணவையும் விசாரிப்பது. பேசுபவரின் சொந்த மனவடுவைத் தோண்டாமல் இருப்பது. அது சிகிச்சையின் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே சொன்ன தளர்ச்சி ஆண்டு இறுதி மதிப்பீட்டில் ஏறாது என்ற உறுதி. கடைசியது பெரும்பாலான இடங்களில் கிடையாது. மேற்பார்வையாளரே பதவி உயர்வையும் முடிவுசெய்பவராக இருந்தால் யார் வாய் திறப்பார்கள்?

நாடுகளுக்கிடையே வேறுபாடும் பெரிது. பிரிட்டனின் ஆலோசனை, உளச்சிகிச்சைச் சங்கம் தன் உறுப்பினர்கள் பணியில் இருக்கும் காலம் முழுவதும் முறையாக மேற்பார்வை பெற வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் உரிமம் கிடைக்கும்வரை கட்டாயம். பிறகு பெரும்பாலும் அவரவர் விருப்பம். மேற்பார்வை மாணவருக்கு உரியது என்ற பெர்லின் எண்ணம் அங்கே இன்னும் சாகவில்லை.

யாழ்ப்பாணம் இந்த வரலாற்றில் வேறொரு சிக்கலை வைக்கிறது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட நூலிலும் பின்னர் எழுதிய கட்டுரைகளிலும், போர் குலைத்தது தனிமனிதரை மட்டுமன்று, குடும்பத்தையும் ஊரையும்தான் என்று காட்டினார். 1995 அக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் போரால் கூட்டமாக இடம்பெயர்ந்து கிளம்பியபோது ஆறுதல் தேடுபவரும் ஆறுதல் சொல்பவரும் ஒரே வீதியில்தான் நடந்தார்கள். அங்கே உளவளத்துணையாளருக்கு நேர்ந்ததைப் ‘பிறர்வழி’ மனவடு என்று சொல்ல முடியாது. அவரை மேற்பார்க்கும் மூத்தவரும் பாயும் பானையும் தூக்கி இடம்பெயர்ந்தவராக இருக்கலாம். அமெரிக்காவில் எழுதப்பட்ட பாடநூல்கள் கேட்பவரின் வீடாவது பத்திரமாக இருப்பதாக எடுத்துக்கொண்டுதான் தொடங்குகின்றன.

இனி ஒரு கசப்பான முடிவு. தியானம், நடைப்பயிற்சி, ‘உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரை எல்லாம் இன்று மனவடு மேற்பார்வையின் பெயரில் புழங்குகின்றன. டெட் போபரும் செரில் ரெகரும் 2006இல் 259 சிகிச்சையாளர்களை ஆராய்ந்தபோது, இத்தகைய வழிகளில் நேரம் செலவிட்டவர்களுக்குப் பாதிப்பு குறைவாக இருக்கவில்லை. பாதிப்பின் அளவை முதன்மையாகக் காட்டியது, வாரத்தில் எத்தனை மணிநேரம் அவர்கள் மனவடுப்பட்டவர்களோடு இருந்தார்கள் என்பதே. ஒரே ஆய்வைக் கொண்டு எல்லாவற்றையும் தீர்த்துவிட முடியாது. ஆனாலும் நூற்றாண்டு காலமாகப் பிழையைச் சிகிச்சையாளருக்குள் தேடிய துறை, இப்போது மருந்தையும் அவருக்குள்ளேயே தேடச் சொல்கிறது என்பது என் குற்றச்சாட்டு. பாதிப்பைக் குறைக்கும் அதிகாரம் பணிப்பட்டியலைப் போடுபவர் கையில் இருக்கிறது. மனவடுச் சேவைகளுக்கு நிதி வழங்குவோர், மேற்பார்வையாளரின் ஊதியமும், ஒருவர் வாரத்துக்கு ஏற்கக்கூடிய மனவடுச் சிகிச்சைகளின் உச்சவரம்பும் எழுதப்படாத திட்ட வரைவைத் திருப்பி அனுப்ப வேண்டும்.