சேம்சைடு கோல் போட்ட உலக சாம்பியன்

கால்பந்தில் ஃபார்வர்டு ஆடுபவர் ஒன்பது வாய்ப்பைக் கோட்டை விட்டுப் பத்தாவதில் கோல் போட்டாலும் ஹீரோதான். டிஃபென்டர் கதை நேர்மாறு. தொண்ணூறு நிமிடமும் ஒழுங்காக ஆடி ஒரே ஒரு தப்பு செய்தால், மறுநாள் எல்லோரும் அந்தத் தப்பைத்தான் பேசுவார்கள். அமெரிக்காவின் பிராண்டி சாஸ்டைன் இந்த இரண்டு வேலையையும் பார்த்தவர். அவரைப் பற்றிக் கேள்விப்பட்ட பலருக்கும் ஒரு போட்டோ மட்டும்தான் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சாஸ்டைன் 1968ல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் பிறந்தார். கல்லூரிக் காலத்திலேயே இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை. அதையும் மீறி 1988ல் தேசிய அணிக்கு வந்தார், ஃபார்வர்டாக. 1991 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மெக்சிகோவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, வரிசையாக ஐந்து கோல் அடித்தார்! ஆனால் அந்த உலகக் கோப்பையில் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். 1993ல் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள லீக்கில் ஆடினார். 1995 உலகக் கோப்பை அணியில் இடமே கிடைக்கவில்லை. அப்போது வயது 26. பலருக்கு இந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும்.

பயிற்சியாளர் டோனி டிசிக்கோ அவரைத் திரும்ப அழைத்தார், ஆனால் ஒரு நிபந்தனை. டிஃபென்டராக ஆட வேண்டும். கோல் அடித்தே பழகியவரைப் பின்னால் போய் நில் என்றால் கோபம் வரத்தானே செய்யும்? சாஸ்டைன் ஒப்புக்கொண்டார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்கள் கால்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, தங்கம் வென்ற அணியில் அவரும் இருந்தார்.

அடுத்து 1999 உலகக் கோப்பை, சொந்த நாட்டில். காலிறுதியில் எதிரணி ஜெர்மனி. ஐந்தாவது நிமிடத்தில் சாஸ்டைன் தன் கோல்கீப்பருக்குத் தள்ளிய பந்து நேராகச் சொந்த கோலுக்குள் உருண்டது. சேம்சைடு கோல்! கேப்டன் கார்லா ஓவர்பெக் பக்கத்தில் வந்து தைரியம் சொன்னார். முதல் பாதி முடிவில் 2-1 என ஜெர்மனி முன்னிலை. 49வது நிமிடத்தில் கார்னரில் இருந்து வந்த பந்தைக் கோலாக்கிச் சமன் செய்தவர் வேறு யாருமில்லை, சாஸ்டைன்தான். பிறகு இன்னொரு டிஃபென்டரான ஜாய் ஃபாசெட் தலையால் முட்டி அடித்த கோலில் அமெரிக்கா 3-2 என வென்றது.

ஜூலை 10, 1999. பாசடேனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் 90,185 பேர் முன்னிலையில் சீனாவுடன் இறுதிப் போட்டி. கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 0-0. பெனால்டியில் சீனாவின் லியு யிங் அடித்த பந்தை கோல்கீப்பர் பிரியானா ஸ்கரி தடுத்துவிட்டார். கடைசிப் பந்து சாஸ்டைனுக்கு. சில மாதங்களுக்கு முன் இதே சீனாவுக்கு எதிராக அவர் அடித்த பெனால்டி மேல் கம்பத்தில் பட்டு வீணாகியிருந்தது. அதனால் இந்த முறை இடது காலால் அடிக்கச் சொன்னார் டிசிக்கோ. அடித்தார், கோல். சட்டையைக் கழற்றிச் சுழற்றி மண்டியிட்டார். அந்தப் படம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளின் அட்டையில் வந்தது. ஆண்கள் காலங்காலமாகச் செய்துவந்த கொண்டாட்டம்தான் அது. ஆனாலும் கோலைப் பற்றிப் பேசியதைவிட உடையைப் பற்றிப் பேசியவர்களே அதிகம்!

என்னைப் பொறுத்தவரை முக்கியமான கதை இதற்குப் பிறகுதான் வருகிறது. கோப்பை வென்ற ஆறே மாதத்தில், சம்பளத் தகராறு காரணமாக அணியினர் ஆஸ்திரேலியா போக மறுத்தார்கள். பிறகு 2001ல் எட்டு அணிகளுடன் 'வுசா' என்ற தொழில்முறை லீக் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே மியா ஹாமைத் தடுக்கப் போய் ஃபவுல் செய்து, பெனால்டி கொடுத்தவர் சாஸ்டைன். அவரது அணியான சைபர்ரேஸ் 0-1 எனத் தோற்றது. ஆனால் அதே அணிதான் அந்த வருடம் பட்டத்தையும் வென்றது. லீக்கில் பணம் கரைந்தது. நட்சத்திர ஆட்டக்காரர்கள் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டும் பயனில்லை. 2003 உலகக் கோப்பைக்கு ஐந்து நாள் இருக்கும்போது லீக் மூடப்பட்டது. மைதானத்தில் 90,000 பேர் கூடினார்கள் என்பதற்காக ஒரு வீராங்கனைக்கு மாதாமாதம் சம்பளம் கிடைத்துவிடாது என்று அன்று புரிந்தது.

2004 ஏதென்ஸில் இன்னொரு தங்கம். 192 சர்வதேசப் போட்டிகள், 30 கோல்கள் என்ற கணக்கோடு தேசிய அணி வாழ்க்கை முடிந்தது. 2009ல் இரண்டாவது லீக் தொடங்கியபோது, 40 வயதில் மறுபடி களம் இறங்கினார். அந்த லீக்கும் 2012ல் நின்றுபோனது. 2013ல் தொடங்கிய மூன்றாவது லீக்தான் நிலைத்தது. 2024ல் அதில் சேர்ந்த பே எஃப்சி அணியை உருவாக்கிய நான்கு முன்னாள் வீராங்கனைகளில் சாஸ்டைனும் ஒருவர்.

2019 ஜூலையில் ரோஸ் பவுலில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதே மண்டியிட்ட கோலம். தவறில்லை, அழகான நொடிதான். ஆனால் சேம்சைடு கோல் போட்டபின் தலையைத் தொங்கப் போடாமல் மீதி எண்பத்தைந்து நிமிடமும் ஆடினாரே, அதற்குச் சிலை எதுவும் இல்லை. இரண்டு லீக் மூடிய பிறகும் மூன்றாவதற்காக வேலை பார்த்தவர் அவர். இந்த இரண்டும் ஒரே குணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. டிஃபென்டர் வேலையே அதுதானே? பந்து தன்னைத் தாண்டிப் போய்விட்டாலும் திரும்பி ஓட வேண்டும்.