வண்டி மையில் இருந்து இன்ஜின் ஆயில் வரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கரன்கோவிலில் ஏதாவது ஒரு தெருவில் நடந்து போனால் இந்தக் காட்சி கண்ணில் படலாம். வீட்டு வாசலில் ஒரு சின்ன கார். அதற்கு அடியில் பழைய சாக்கை விரித்துப் படுத்திருக்கும் ஒருவர். பக்கத்தில் ஒரு ஸ்பேனர், பாதியாக வெட்டிய எண்ணெய் டின், கை துடைக்க ஒரு கிழிந்த பனியன். மனிதர் காருக்கு ஆயில் மாற்றிக் கொண்டிருக்கிறார்.

சர்வீஸ் சென்டரில் விட்டால் அவர்களே மாற்றித் தரப் போகிறார்கள். பிறகு எதற்கு இந்த வேலை? கூலி மிச்சம் என்பது ஒரு காரணம். நம் வண்டியை நாமே பார்த்துக் கொள்வது என்பது இந்த மண்ணின் பழைய பழக்கம் என்பது இன்னொரு காரணம். அந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது.

வண்டி மை

மோட்டார் வருவதற்கு முன்னால் கரிசல் காட்டில் ஓடியது மாட்டு வண்டி. ஆடித்தபசு பார்க்கச் சுற்று வட்டார கிராமங்களில் இருந்து ஜனங்கள் குடும்பத்தோடு வண்டி கட்டிக் கொண்டு வந்த காலம் அது. வண்டியின் அச்சு மேல் சக்கரத்தின் குடம் சுற்றும். இரண்டும் உரசித் தேயாமல் இருக்கப் போடுவதுதான் வண்டி மை. வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் மை தயார். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை லேசாக வெளியே இழுத்து, அச்சில் மையைத் தடவி, மறுபடியும் கடையாணியை மாட்டி விடுவார்கள். இதற்கு 'மசகு' என்றும் பெயர். இன்று பாடப் புத்தகங்களில் வரும் 'மசகு எண்ணெய்' என்ற சொல் இந்த வண்டிச் சக்கரத்தில் இருந்து வந்ததுதான்.

வண்டிக்காரர் தன் வண்டியைத் தானே கவனித்துக் கொள்வது நேற்று இன்று வந்த பழக்கம் அல்ல. புறநானூற்றின் 102-வது பாடலில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழும்போது, உப்பு வணிகர்கள் தங்கள் வண்டிக்கு அடியில் கட்டிக் கொண்டு போகும் மாற்று அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். நடு வழியில் அச்சு முறிந்தால் யாரும் வர மாட்டார்கள் என்று அந்த வணிகர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த மையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதில் இருந்தது வைக்கோல் கரியும் ஆமணக்கு எண்ணெயும் மட்டுமே. தேய்ந்து வழிந்து தரையில் விழுந்தால் மண்ணே அதைத் தின்று விடும். 'பழைய மையை எங்கே கொட்டுவது?' என்ற கேள்வியே அன்று எழவில்லை.

மண்ணுக்கு அடியில் இருந்து வந்த எண்ணெய்

1859ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் பெட்ரோலியக் கிணறு தோண்டினார். விளக்குக்கு மண்ணெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சிய கனமான பகுதி மெஷின்களுக்கு மசகாக வந்தது. அதுவரை மிருகக் கொழுப்பும் தாவர எண்ணெயும் செய்து வந்த வேலையை மலிவான இந்தக் கனிம எண்ணெய் பிடித்துக் கொண்டது.

விலை மலிவுதான். ஆனால் வேறு ஒரு விலை இருந்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் நூற்பு மெஷின்களின் கதிர்களுக்குக் கனிம எண்ணெய் போட்டார்கள். குனிந்து வேலை செய்த தொழிலாளர்களின் உடையில் அது தெறித்து ஊறியது. அவர்களில் பலருக்குத் தோல் புற்றுநோய் வந்ததை 1922ல் மான்செஸ்டர் மருத்துவர்கள் எழுதினார்கள். பாதுகாப்பான எண்ணெய்தான் போட வேண்டும் என்று அங்கே சட்டம் வர 1953 வரை ஆனது! தறிச் சத்தம் கேட்கும் சங்கரன்கோவில் மாதிரியான நெசவு ஊர் மறக்கக் கூடாத கதை இது.

விளக்கெண்ணெய் அத்தனை சுலபமாக விட்டுக் கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டின் நிறுவனம் 1909ல் கொண்டு வந்த இன்ஜின் ஆயிலுக்கு 'காஸ்ட்ரோல்' என்று பெயர் வைத்தது. ஆங்கிலத்தில் ஆமணக்குக்கு 'காஸ்டர்' என்று பெயர். ஆயிலில் ஆமணக்கு எண்ணெய் கலந்திருந்ததால் வந்த பெயர் இது. முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களின் இன்ஜின்களுக்கும் விளக்கெண்ணெய்தான் மசகு. அதன் புகையைச் சுவாசித்த விமானிகளுக்கு வயிறு கலங்கியதாம். சின்ன வயதில் விளக்கெண்ணெய் குடித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது :-)

'மாற்றுவது' எப்போது வந்தது?

ஆரம்ப கால மோட்டார் வாகனங்கள் பலவற்றில் ஆயில் மாற்றும் வேலையே கிடையாது. சொட்டுச் சொட்டாக உள்ளே போகும் ஆயில் எரிந்தோ வழிந்தோ வெளியே போய் விடும். ஓட்டுபவர் மேலே ஊற்றிக் கொண்டே இருக்க வேண்டும். வண்டி மையும் அப்படித்தானே? பிறகு இன்ஜினின் அடியில் ஒரு தொட்டி வைத்து, அதே ஆயிலைச் சுற்றிச் சுற்றி ஓட விட்டார்கள். அந்தத் தொட்டிதான் சம்ப். ஆயில் வீணாவது குறைந்தது. ஆனால் கரி, இரும்புத் தூள், எரியாத பெட்ரோல் எல்லாம் அதே ஆயிலில் சேர ஆரம்பித்தன. குறிப்பிட்ட தூரம் ஓடியதும் அழுக்கு ஆயிலை இறக்கிப் புதியதை ஊற்றும் வழக்கம் இப்படித்தான் வந்தது. 1911ல் அமெரிக்க மோட்டார் பொறியாளர்கள் சங்கமான எஸ்.ஏ.இ. ஆயிலின் கெட்டித்தன்மைக்கு எண் கொடுத்தது. டின்னில் இன்றும் இருக்கும் '40', '50' எல்லாம் அந்த வழியில் வந்தவை. 1923ல் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்டின் ஆயில் ஃபில்டர் வந்தது.

கரி பஸ்ஸும் கிணற்று மேட்டு இன்ஜினும்

எண் பிறந்த அதே 1911ல்தான் மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார். தென் மாவட்டங்களின் பஸ் கதையே அதில் இருந்துதான் விரிகிறது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்களின் பின்னால் அடுப்பு மாதிரி ஒரு கலத்தை மாட்டி, அடுப்புக்கரியை எரித்து வந்த வாயுவில் ஓட்டினார்கள். டி.வி.எஸ்.ஸே இந்தக் கலங்களைத் தயாரித்தது. சரியாக வடிகட்டாத வாயுவோடு சாம்பலும் இன்ஜினுக்குள் போகும். ஆயில் சீக்கிரமே கெட்டு விடும்.

கிராமத்து ஆட்களில் பலர் முதன்முதலில் ஆயில் மாற்றியது காருக்கு அல்ல, கிணற்று மேட்டில் இருந்த ஆயில் இன்ஜினுக்கு. 1946ல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் தொடங்கியது. கோயம்புத்தூர் பம்புகளும் வந்தன. கமலை கட்டி இறைத்த இடத்தில் டீசல் இன்ஜின் உட்கார்ந்தது. மெக்கானிக் டவுனில் இருப்பார். அதனால் சம்சாரியே ஆயில் மாற்றினார். வண்டி மை போட்ட அதே கை. இறக்கிய கருப்பு ஆயிலைப் பக்கத்தில் மண்ணில் கொட்டினார், அதுவும் கிணற்று ஓரத்திலேயே. மை போலத்தான் இதுவும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் இது மண் தின்று செரிக்கும் மை அல்ல.

ஹெரால்டு, அம்பாசிடர், மாருதி

கார் வைத்திருந்தவர்களும் அன்று பாதி மெக்கானிக்குகள்தான். சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற சின்ன காரைக் கொண்டு வந்தது. அதன் பானெட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்து கொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம்! அம்பாசிடர், ஃபியட் இரண்டுக்கும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய லைசென்ஸ் காலம் அது. கிடைத்த காரைப் பேணாமல் விட முடியுமா? மூவாயிரம் மைலுக்கு ஒரு முறை ஆயில், மாதம் ஒரு முறை கிரீஸ் கன் என்று வீட்டிலேயே நடந்தது.

1969ல் மணலியில் சென்னை சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது. பெட்ரோல், டீசலோடு மசகு எண்ணெய்க்கான மூல எண்ணெயும் தமிழ்நாட்டிலேயே தயாரானது. 1972ல் இந்தியன் ஆயிலின் 'சர்வோ' வந்தது. 90களில் தாராளமயத்துக்குப் பிறகு வெளிநாட்டு பிராண்டுகளும் கடை வாசலில் தொங்கின.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 கதையை மாற்றியது. இலவச சர்வீஸ் கூப்பன், வாரண்டி, ஊருக்கு ஊர் சர்வீஸ் ஸ்டேஷன். சொந்தக் கை மெதுவாக விலகிக் கொண்டது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது. கார்புரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்தது. ஆயிலும் தரம் கூடியது. மூவாயிரம் மைல் என்றிருந்தது இன்று பல சின்ன கார்களுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்று ஆகி விட்டது. மாருதி 800, அம்பாசிடர் இரண்டுமே 2014ல் உற்பத்தி நின்றன.

பழைய ஆயில் எங்கே போகிறது?

வீட்டில் ஆயில் மாற்றுவது பெரிய வித்தை அல்ல. இன்ஜினைச் சில நிமிஷம் ஓட விட்டு அணைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். சம்ப் போல்ட்டைக் கழற்றி வடிய விட்டு, புது வாஷரோடு முடுக்கி, ஃபில்டரை மாற்றி, மேனுவலில் சொன்ன ஆயிலைச் சொன்ன அளவு ஊற்றி, டிப்ஸ்டிக் பார்த்தால் முடிந்தது. மாருதி 800க்குச் சுமார் மூன்று லிட்டர்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். அந்த மூன்று லிட்டர் கருப்பு ஆயில். சிலர் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். சிலர் செங்கல் சூளைக்கோ சென்ட்ரிங் பலகைக்கோ கொடுக்கிறார்கள். சிலர் கரையானுக்கு என்று கதவு நிலையில் வெறும் கையால் பூசுகிறார்கள். லங்காஷயர் தொழிலாளிக்கு வந்தது இந்தச் சாதி எண்ணெயால்தான். ஓடிக் கெட்ட ஆயில் இன்னும் மோசம். ஒரு முறை இறக்கும் ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கலாம் என்கிறது அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு. அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர். கிணற்றையும் குளத்தையும் நம்பி வாழும் மழை குறைந்த பூமிக்கு இது சின்னக் கணக்கா?

உண்மையில் ஆயில் சாவதில்லை, அழுக்காகத்தான் ஆகிறது. சுத்திகரித்தால் மறுபடியும் மசகாகும். பழைய ஆயில் அபாயகரமான கழிவு என்பதால் பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளர்களிடம் போக வேண்டும் என்பது விதி. ஆயில் தயாரிப்பவர்களுக்கும் இறக்குமதி செய்பவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று 2023ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் விதி கம்பெனி வரைதான் போகும். வீட்டு வாசலில் இருக்கும் டின்னை வீட்டுக்காரர்தான் தூக்க வேண்டும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கையுறை போட்டுக் கொள்வது. இறக்கிய ஆயிலைத் தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல், புது ஆயில் வந்த அதே கேனில் ஊற்றி மூடுவது. பீப்பாயில் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையையோ சர்வீஸ் சென்டரையோ கேட்டுத் தெரிந்து கொண்டு அங்கே கொடுப்பது. அந்த இடம் தெரியாவிட்டால் கேன் வீட்டு மூலையிலேயே இருக்கட்டும். சாக்கடைக்குப் போக வேண்டாம்.

மை போட்ட தாத்தாவிடம் இருந்து வந்த கை பழக்கம் நல்லது. கீழே சிந்தினால் மண் பார்த்துக் கொள்ளும் என்ற அவருடைய நம்பிக்கையை மட்டும் விட்டு விட வேண்டும். அவர் சிந்தியது விளக்கெண்ணெய்.