கட்டிக்கு முந்திய காலம்

கினிகத்தேனை பஸாரில் வாப்பாவின் பலசரக்குக் கடையில், சீனிக்கும் வெற்றிலைக்கும் அடுத்தபடி நெஞ்செரிவுக்குக் கரைத்துக் குடிக்கிற தூள்தான் அதிகம் போகும். காஸ்ட்ரைட்டிஸ் எண்டா எங்க ஊரில் யாரும் அதை நோயாகக் கணக்கெடுப்பதில்லை. உம்மும்மாவும் பல வருஷம் அந்தத் தூளோடுதான் காலம் தள்ளினார். சாப்பாடு இறங்காமல், உடம்பு மெலிந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரைப்பையில் கட்டி முற்றியிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் உம்மாவுக்கு எண்டொஸ்கொபி செய்தார்கள். சதைத்துண்டு அறிக்கையில் 'குடல்வகை மாற்றம்' என்று கண்டிருந்தது. "கேன்சரா மகன்?" எண்டு உம்மா கேட்டார். அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

இப்னு ஸீனா 1025 அளவில் முடித்த 'அல்கானூன்' நூலில், தொடக்கநிலைப் புற்றை வளராமல் நிறுத்திவைக்கலாம், சிலவேளை அது குணமாகவும் கூடும், முற்றிவிட்டால் இயலாது என்ற கருத்தைச் சொல்கிறார். 1162இல் மறைந்த இஷ்பீலிய்யா மருத்துவர் இப்னு ஸுஹ்ர், தம் 'அத்தைஸீர்' நூலில் உணவுக்குழல், இரைப்பைக் கட்டிகளை விவரித்தார். விழுங்க முடியாதவருக்கு வெள்ளிக் குழாயால் உணவூட்டும் வழியையும் எழுதிவைத்தார். ஆனால் தொடக்கத்தைக் காண அவர்களிடம் வழி இல்லை. கைக்குத் தட்டுப்படும்போது கட்டி பெரிதாகியிருக்கும்.

1868இல் ஜெர்மனியில் குஸ்மவுல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியே நேரான உலோகக் குழாயை இறக்கினார். வளையும் கண்ணாடியிழைக் குழாய் வர 1957 ஆயிற்று.

உண்மையான திருப்பம் கொலம்பியாவில் வந்தது. அங்கே நரீனோ மாகாணத்து மலைவாசிகளிடம் இரைப்பைப் புற்று அதிகம், கரையோரத்தில் குறைவு. அவர்களின் இரைப்பைத் திசுக்களை ஆராய்ந்த பெலாயோ கொரேயா 1975இல் ஒரு படிவரிசையை முன்வைத்தார். நாட்பட்ட அழற்சி, அடுத்து உட்சவ்வின் சுரப்பிகள் மெலிதல், பிறகு அந்த இடத்தில் குடல் சவ்வைப் போன்ற சவ்வு முளைத்தல், அதன்பின் உயிரணுக்கள் ஒழுங்கு கெடுதல், கடைசியில் புற்று. இதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். பெரும்பாலானோர் நடுப்படியிலேயே நின்றுவிடுவார்கள்.

அந்த அழற்சியைத் தொடக்கிவைப்பது பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் 1982இல் அதை வளர்த்தெடுத்தார்கள். மார்ஷல் 1984இல் அதைத் தாமே குடித்து அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஆனால் கொலம்பியாவில் மலையிலும் கரையிலும் ஏறக்குறைய எல்லாரிடமும் இந்தக் கிருமி இருந்தது. எனவே கிருமி மட்டும் காரணமாக முடியாது. உப்பு, புகைத்தல், பரம்பரை, கிருமியின் வகை எல்லாம் சேர்கின்றன. நம் நாட்டில் இரைப்பைப் புற்றைவிட வாய், உணவுக்குழல் புற்றுகளே அதிகம். தோட்டங்களில் வெற்றிலைதான் பெரிய எதிரி, அதை விற்பவர்களில் நாங்களும் ஒருவர்.

உம்மாவின் கேள்விக்கு வருகிறேன். 2008இல் வெளியான நெதர்லாந்து ஆய்வின்படி, ஓராண்டில் புற்றாக மாறும் வீதம் சுரப்பி மெலிவில் 0.1, குடல்வகை மாற்றத்தில் 0.25, லேசான அல்லது நடுத்தர ஒழுங்குகேட்டில் 0.6, கடுமையான ஒழுங்குகேட்டில் 6. அதாவது உம்மாவின் நிலையில் உள்ள ஆயிரம் பேரில் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர். "கேன்சர் இல்ல உம்மா, ஆனா கண் வெச்சிக்கொள்ளணும்" எண்டேன்.

உம்மாவிடம் கிருமி இருந்தது. 14 நாள் மருந்து. அது போய்விட்டதா என்று பிறகு மலப் பரிசோதனை. அதற்கு இரண்டு வாரம் முன்பே ஒமெப்ரசோலை நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் முடிவு பொய்யாக வரலாம். இதை எங்களுக்கு முதலில் யாரும் சொல்லவில்லை, ஒருமுறை வீண் செலவு. மாற்றம் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும்தான். குடும்பத்தில் புற்று இல்லாவிட்டால் மறுபடி குழாய் விடவே தேவைப்பட்டிருக்காது. உம்மும்மாவுக்கு வந்ததால் மூன்று வருஷத்தில் ஒருமுறை பார்க்கச் சொன்னார்கள். ஒழுங்குகேடு தெரிந்தால் அப்போதே குழாய் வழியே அந்த இடத்தை மட்டும் நீக்கிவிடலாம்.

புற்று வந்தவரின் பிள்ளைகளும் கிருமிப் பரிசோதனை செய்வது நல்லது. சாச்சியும் உம்மும்மாவின் மகள்தான். "எனக்கு ஒண்டுமில்ல, நோம்பு முடியட்டும்" எண்டு இரண்டு ரமழானைக் கடத்திவிட்டார். போன கிழமையும் கடைக்கு வந்து தூள் வாங்கிப் போனாராம்.