கருவுக்கு எண்ணப்பட்ட நாட்கள்

திருப்பதியில் 1955இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும், அதை உள்ளடக்கி 2005இல் உருவான ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகமும் உள்நாட்டுப் பசு இனங்களைப் பெருக்கக் கருமாற்று முறையைக் கையாண்டு வருகின்றன. இம்முறையில், உயரினப் பசுவுக்கு ஊக்கிகள் செலுத்திப் பல சினைமுட்டைகளை ஒரே சமயத்தில் முதிரச் செய்து, சினையூட்டிய ஏழாம் நாள் அளவில் அதன் கருப்பையைத் திரவத்தால் அலசி, அத்திரவத்தை நுண்ணிய வடிகட்டியில் ஊற்றி, தங்கியதை நுண்ணோக்கியின் கீழ் துழாவிக் கருவைக் கண்டெடுக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே இருக்கும் அந்த உருண்டை பிறகு வேறொரு பசுவின் கருப்பையில் வைக்கப்படுகிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கோசாலையில் 2023இல் ஓங்கோல் பசு ஒன்று சாஹிவால் கன்றை ஈன்றது இவ்வழியில்தான். பசுவின் கருவை ஆய்வுக்காக எத்தனை நாள் வளர்க்கலாம் என்று எவரும் வரம்பு கட்டவில்லை. மனிதக் கருவுக்கு மட்டும் 14 நாள் என்ற எல்லை உண்டு.

அந்த எல்லையின் வரலாறு 1978இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுனும், அக்டோபரில் கல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் துர்கா என்று அழைக்கப்பட்ட குழந்தையும் பிறந்தபோது, கருப்பைக்கு வெளியே உருவாகும் கருவின் நிலை என்ன என்ற வினா மருத்துவத்தைக் கடந்து பொதுவாழ்வுக்குள் வந்தது. முகோபாத்யாயை அரசுக்குழு நம்ப மறுத்ததும், அவர் 1981இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டதும், இந்தியா அந்த வினாவை உரிய காலத்தில் எதிர்கொள்ளத் தவறியதன் துயரச் சான்றுகள். அமெரிக்க அறநெறிக் குழு ஒன்று 1979இல் 14 நாள் வரம்பைப் பரிந்துரைத்தது. தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையிலான பிரிட்டிஷ் குழு 1984இல் அதையே வலியுறுத்த, 1990இல் அது அங்கே சட்டமாயிற்று.

பதினான்கைத் தேர்ந்ததற்கு உடலியல் காரணம் உண்டு. ஏறத்தாழ அந்த நாளில்தான் கருத்தட்டின் மேல் முதற்கீற்று என்னும் மெல்லிய கோடு தோன்றி, தலை எது, வால் எது என்ற திசையை உடலுக்கு வகுக்கிறது. அதற்கு முன் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகவும் கூடும், நரம்புத் திசுவும் உருவாகியிராது. ஆயினும் வளர்ச்சி படிப்படியானது என்பதை அறிந்தே வார்னாக் குழு, வளர்ச்சிநிலையைவிட நாட்கணக்கை விரும்பியது, ஏனெனில் நாளை யாரும் எண்ணிச் சரிபார்க்கலாம். கரு உறைநிலையில் கிடக்கும் காலம் இக்கணக்கில் சேராது என்றும் பிரிட்டிஷ் சட்டம் தெளிவாக்கியது.

கருவை நாட்கணக்கில் விவரிப்பது இந்நாட்டுக்கும் புதிதன்று. கர்ப்போபநிஷத் ஓரிரவு, ஏழிரவு, அரைமாதம் என்று கருவின் உருமாற்றத்தை அடுக்குகிறது. திருவாசகத்தின் போற்றித் திருவகவல் மாதந்தோறும் கருவுக்கு நேரும் இடர்களைச் சொல்லிச் செல்கிறது. அரைமாதம் என்ற சொல்லைக் கண்டதும் முன்னோர் 14 நாள் விதியை அன்றே அறிந்திருந்தனர் என்று கொண்டாடுவது பிழை. அந்நூல்கள் கரு வளரும் விதத்தைச் சொல்கின்றனவே அன்றி, அதை எதுவரை கையாளலாம் என்று கேட்கவில்லை.

இந்தியாவில் இவ்விதி வழிகாட்டு நெறியாகவே வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2007இல் வெளியிட்ட குருத்தணு ஆய்வு நெறிகள், முழுமையான மனிதக் கருவை 14 நாளுக்கோ முதற்கீற்று தோன்றும் வரைக்கோ, இவற்றில் எது முந்தியதோ அதற்கு மேல் வளர்ப்பதைத் தடைசெய்தன. 2017 நெறிகளும் அதையே சொல்கின்றன. சித்தூருக்குத் தெற்கே வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியோடு இணைந்து இயங்கும் குருத்தணு ஆய்வு மையத்துக்கும் இந்நெறிகளே வழிகாட்டி.

2016 வரை இந்த எல்லை எவருக்கும் இடையூறாக இருக்கவில்லை, ஏனெனில் கருவை அத்தனை நாள் வளர்க்கும் திறனே இல்லை. அவ்வாண்டு கேம்பிரிட்ஜிலும் நியூயார்க்கிலும் 12, 13 நாள் வரை வளர்த்து, விதியை மதித்தே நிறுத்தினார்கள். 2021இல் பன்னாட்டுக் குருத்தணு ஆய்வுக் கழகம் 14 நாளுக்கு மேல் வளர்ப்பதை முற்றிலும் தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலிலிருந்து நீக்கியது. கருச்சிதைவுகளின் காரணங்கள் பல, 14 நாளை அடுத்து வரும் இருண்ட வாரங்களில் இருப்பதால் ஆய்வாளர் கோரிக்கையில் நியாயம் உண்டு. எனினும் எட்டாத தூரத்தில் இருந்தபோது ஏற்ற எல்லையை எட்டியவுடன் விலக்கினால், மக்கள் தந்த நம்பிக்கை குலையும்.

இதே 2021இல் இந்தியா இயற்றிய இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டம், கருவை 56 நாள் வரையிலான உயிராக வரையறுக்கிறது. உறைநிலையில் 10 ஆண்டுக்கு மேல் வைக்கலாகாது என்றும், பின்னர் அழிய விடலாம் அல்லது தம்பதியின் ஒப்புதலோடு பதிவுபெற்ற ஆய்வு நிறுவனத்துக்கு அளிக்கலாம் என்றும் கூறுகிறது. 14 நாள் வரம்பை மட்டும் அதன் பிரிவுகளில் காண முடியாது. ஆய்வு நடக்க வேண்டிய முறை விதிகளுக்கு விடப்பட்டது. சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் விவாதித்து முடிவு செய்ய வேண்டிய ஒன்றை நெறிமுறை ஏட்டில் விட்டுவைப்பது போதாது. சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு தம்பதி எஞ்சிய கருக்களை ஆய்வுக்குத் தரும்போது, அவை எந்த நாள் வரை வளர்க்கப்படும் என்பதை, அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கிலோ தமிழிலோ அந்த ஒப்புதல் படிவமே சொல்ல வேண்டும்.