கோல்ஃப் ‘டிரைவர்’ வாங்கப் போறீங்களா? பிராண்டுக்கு முன்னாடி உங்க ‘ஸ்விங்’கைப் பாருங்க!

தாம்பரத்தில் ‘டிரைவர்’ என்றால் ஷேர் ஆட்டோ அண்ணன்தான் ஞாபகத்துக்கு வருவார். ஆனால் மின்சார ரயிலில் கிண்டி வந்து, மெட்ரோ மாறி நந்தனத்தில் இறங்கினால் கதையே வேற. அங்குள்ள தமிழ்நாடு கோல்ஃப் கூட்டமைப்பின் காஸ்மோ மைதானத்தில் டிரைவர் என்பது ஒரு மட்டை. ஒரு வீரர் பையில் வைத்துக்கொள்ள அனுமதியுள்ள 14 மட்டைகளில் பெரும்பாலும் இதுதான் நீளமானது, விலையும் அதிகம். நீளமான குழிகளில் முதல் அடி பெரும்பாலும் இதில்தான்.

முன்னணி பிராண்டின் புது டிரைவர் அரை லட்சம் ரூபாயைத் தொடுகிறது. அதனால் புறநகரில் புதுசாக ஆடத் தொடங்குபவர்கள் பலரும் பழைய மட்டையைத் தேடுகிறார்கள், இல்லையென்றால் அமெரிக்காவில் இருக்கும் மச்சானிடம் சொல்லி வைக்கிறார்கள். சிக்கலே அங்கேதான். மச்சானுக்குப் பொருந்திய மட்டை உங்களுக்கும் பொருந்தும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எதைப் பார்த்து வாங்கணும்?

முதலில் ஸ்விங் வேகம். அதாவது பந்தைத் தொடும் நேரத்தில் மட்டையின் தலை எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது. அமெரிக்க பிஜிஏ டூரில் ஆடும் ஆண்களின் சராசரி மணிக்குச் சுமார் 115 மைல். வார இறுதியில் ஆடும் சாதாரண ஆண்களுக்கு 90 மைலை ஒட்டி இருக்கும். இந்த 25 மைல் வித்தியாசத்தை மறந்துவிட்டு, டிவியில் பார்த்த வீரரின் மட்டையை வாங்குவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தப்பு.

வேகத்தை அளக்க ‘லாஞ்ச் மானிட்டர்’ கருவி உண்டு. அது கைக்கு எட்டவில்லை என்றால், பந்து பறந்து போய் முதலில் தரையைத் தொடும் தூரத்தைக் கவனியுங்கள். உருண்டு போவது கணக்கில் வராது. நன்றாகப் பட்ட அடி 200 கெஜம் போனால், உங்கள் வேகம் 85 முதல் 90 மைல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ‘லாஃப்ட்’. மட்டையின் முகம் எத்தனை டிகிரி வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது என்பதன் அளவு. பிரைசன் டிஷாம்போ 2020 யுஎஸ் ஓபனை வென்றபோது வைத்திருந்த டிரைவரின் லாஃப்ட் வெறும் 5.5 டிகிரி. அவர் அடிக்கிற அடிக்கு அது சரி. 85 மைலில் அடிப்பவர் அதை எடுத்தால் பந்து தாழ்வாகப் பறந்து சீக்கிரமே கீழே விழுந்துவிடும். 85 மைலுக்குக் கீழே என்றால் 12 டிகிரி அல்லது அதற்கு மேல், 85 முதல் 95 வரை 10.5 முதல் 12, அதற்கு மேல் வேகம் இருந்தால் 9.5 முதல் 10.5 என்று தொடங்கலாம். பலரும் 9 டிகிரியைக் கையில் வைத்திருப்பதை ஒரு கெத்தாக நினைக்கிறார்கள். பந்துக்கு அது தெரியாது பாஸ்!

நம்ம ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் தரை ஊறிக் கிடக்கும். விழுந்த பந்து உருளாது, காற்றில் போன தூரம்தான் மிச்சம். ஆனால் லாஃப்டை அளவுக்கு மீறி ஏற்றினால் பந்தின் பின்சுழற்சி கூடி, மதியக் கடற்காற்று எதிரே வீசும்போது மேலேயே எழும்பி நின்றுவிடும்.

தண்டு தான் பாதி விஷயம்

தலையைப் பார்த்து வாங்குகிறோம். உண்மையில் வேலை செய்வது ‘ஷாஃப்ட்’ எனும் தண்டு. 75 முதல் 85 மைல் என்றால் ‘சீனியர்’, 85 முதல் 95 என்றால் ‘ரெகுலர்’, அதற்கு மேல் ‘ஸ்டிஃப்’ என்று வளைவுத்தன்மையைப் பிரிக்கிறார்கள். இதில் ஒரு கோளாறு: இந்த எழுத்துகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொரு நிறுவனத்தின் ஸ்டிஃப் போல இருக்கலாம். அதனால் அடித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

நீளமும் முக்கியம். கடையில் வரும் டிரைவர்கள் பெரும்பாலும் 45 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். விதிப்படி 48 அங்குலம் வரை போகலாம். 2022 முதல் பெரிய தொழில்முறைப் போட்டிகளில் 46தான் உச்சம். நீளம் கூடினால் வேகம் கூடும், ஆனால் பந்து மட்டையின் நடுவில் படுவது குறையும். கைப்பிடியை ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து அடித்துப் பாருங்கள். பந்து நேராகப் போனால், தண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

பந்து வலது பக்கமே போகுதா?

டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடிப் பழகி கோல்ஃபுக்கு வருபவர்களிடம் இது சகஜம். வலது கைக்காரர் அடிக்கும்போது, மட்டை வரும் பாதையை விட அதன் முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். இதற்குப் பெயர் ‘ஸ்லைஸ்’. எடையைக் குதிகால் பக்கம், அதாவது தண்டு சேரும் பக்கம் வைத்த ‘டிரா’ வகை டிரைவர்கள் இதைக் கொஞ்சம் குறைக்கும். முழுசாகத் தீர்க்காது. அதற்குப் பயிற்சியாளரிடம்தான் போகணும், இன்னொரு மட்டைக்குப் பணம் செலவழிப்பது வீண்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பந்தின் மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் பெரிய புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மட்டையைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் மை ஒட்டும். பத்து அடிக்குப் பிறகு மை எங்கே குவிந்திருக்கிறது என்று பார்த்தால் நிறைய புரியும்.

பழைய மட்டை வாங்குபவர்கள் கவனிக்க: தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. முகத்தின் ‘ஸ்பிரிங்’ தன்மைக்கும் வரம்பு உண்டு. அதை மீறியவையும் சந்தையில் கிடைக்கின்றன. நண்பர்களோடு ஆட ஓகே, போட்டிக்கு எடுத்துப் போனால் தகுதி நீக்கம்தான். அனுமதி பெற்ற டிரைவர்களின் பட்டியலை ஆர் அண்ட் ஏ அமைப்பு இணையத்தில் வைத்திருக்கிறது. போலிகளும் உலாவுவதால் வாங்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தூரம் குறைவா? கவலை வேண்டாம்

பெங்களூருவின் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடியபோது, டிரைவரில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவர். அப்படியும் 15 அண்டரில் முடித்து, ஒரே ஒரு ஷாட்டில் வெண்கலப் பதக்கத்தைத் தவறவிட்டு 4-வது இடம் பிடித்தார். ஸ்வீடனின் ஹென்ரிக் ஸ்டென்சன் 2016-ல் பிரிட்டிஷ் ஓபனை வென்றபோது, பல இடங்களில் டிரைவரைத் தொடாமல் ‘3-உட்’ மட்டையையே நம்பினார். 3-உட்டில் நேராக அடிக்க முடிகிறது என்றால், முதல் ஆறு மாதம் டிரைவரே இல்லாமல் ஆடுவதும் நல்ல யோசனைதான்.

கடைசியாக, கைப்பிடி. சென்னை வியர்வையில் வழவழப்பான ரப்பர் கிரிப் வழுக்கும். இறுக்கிப் பிடிப்பீர்கள், ஸ்விங் வேகம் குறையும். நூல் கலந்த ‘கார்டு’ கிரிப் மாற்றிக்கொள்ள டிரைவர் விலையோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்ன செலவுதான் ஆகும். மச்சான் கொண்டு வந்த மட்டையாக இருந்தாலும் முதலில் இதை மாற்றிவிட்டு அடித்துப் பாருங்கள்.