பண்டபேர்க் தந்த பாடம்

கட்டி, கொப்புளம், நகச்சுற்று என்பவற்றை அறியாத வீடு இல்லை. ஆனால், அவற்றிற் சீழ் பிடிப்பது ஏன் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை வைத்தியர்கள் தெளிவாக அறிந்திருக்கவில்லை. புண் ஆறுவதற்குச் சீழ் வேண்டியதே என்றுகூடப் பலர் நம்பினர்.

ஸ்கொத்லாந்திலே அபடீன் நகரிற் சத்திர வைத்தியராக விளங்கிய அலெக்சாந்தர் ஒக்ஸ்டன் அந்த நம்பிக்கையை ஏற்கவில்லை. கட்டிகளிலிருந்து எடுத்த சீழை அவர் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். உருண்டையான சின்னஞ்சிறு கிருமிகள் திராட்சைக் குலைபோலத் திரண்டிருந்தன. 1880ஆம் ஆண்டு பெர்லினிற் கூடிய சத்திர வைத்தியர் மகாநாட்டிலே தம் முடிபை எடுத்துரைத்தார். 1882இல், திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அக்கிருமிக்கு ஸ்டபிலோகொக்கஸ் எனப் பெயரிட்டார். 1884இல் ஜேர்மானியரான ரோசன்பாக் அதன் பொன்னிற இனத்தைத் தனியே பிரித்துக் காட்டினார்.

இப்பொன்னிறக் கிருமி அரிதானதன்று. ஏறக்குறையப் பத்துப் பேரில் மூவரின் மூக்கினுள்ளே யாதொரு தீங்குமின்றி அது குடியிருக்கிறது. இத்தகைய கிருமி உயிரையும் பறிக்கவல்லது என்பதை உலகுக்கு உணர்த்தியது ஒரு பெருந்துயரமாகும்.

1928ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள், அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாகாணத்திலுள்ள பண்டபேர்க் நகரில், 21 குழந்தைகளுக்குத் தொண்டைக் கரப்பனுக்கு எதிரான தடுப்பூசி ஏற்றப்பட்டது. பதினெண்மர் கடும் நோயுற்றனர். அவர்களுட் பன்னிருவர் இறந்தனர். காக்க வந்த மருந்தே கொன்றது என்று நாடு நடுங்கியது. தடுப்பூசி வேலை தடைப்பட்டது. பெற்றோரின் நம்பிக்கையும் குலைந்தது. அதனால், உண்மையை அறிவது இறந்த குழந்தைகளின் பொருட்டு மட்டுமன்றி, இனிப் பிறக்கும் குழந்தைகளின் பொருட்டும் இன்றியமையாததாயிற்று.

மெல்போண் நகரின் ஹோல் ஆராய்ச்சி நிலையத் தலைவர் சாள்ஸ் கெல்லவேயின் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தொண்டைக் கரப்பன் நஞ்சு குற்றவாளியன்று என அக்குழு கண்டது. பல தடவை ஊசி நுழைத்து மருந்தெடுத்த புட்டியினுள்ளே பொன்னிறக் கிருமி புகுந்திருந்தது. கிருமியைத் தடுக்கும் மருந்து அதிற் கலக்கப்பட்டிருக்கவில்லை. கோடையின் வெப்பத்திலே கிருமி பெருகிவிட்டது. அந்நிலையத்தில் அப்போது பணியாற்றிய 28 வயது இளைஞர் மக்பார்லேன் பேர்ணெற் அக்கிருமியின் நஞ்சை ஆராய்ந்தார். கிருமியை வடிகட்டி நீக்கிய பின்னரும் எஞ்சிய நீர்மம் முயல்களைக் கொன்றது. பிற்காலத்தில், 1960இல், நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர் இவரே.

நேயர்களே, அந்நஞ்சு எவ்வாறு கொல்கிறது? அதன் ஏழு மூலக்கூறுகள் ஒன்றுகூடி வளையமாகி, உயிரணுவின் உறையிலே துளையிடுகின்றன. துளை விழுந்த அணு சிதைகிறது. இந்த அமைப்பு 1996இல் தெளிவாயிற்று. இன்னொரு நஞ்சு, கிருமியை விழுங்க வரும் வெண்குருதி அணுக்களையே அழிக்கிறது. அதனை 1932இல் பான்ரன், வலன்ரைன் என்னும் இருவர் விவரித்தனர்.

நஞ்சுகளுக்குத் துணையாக நொதியங்களும் உள. ஒரு நொதியம் குருதி நீர்மத்தை உறையச் செய்து கிருமியைச் சூழ வேலி கட்டுகிறது. வேறொன்று, திசுக்களை இணைக்கும் பசை போன்ற பொருளைக் கரைத்து வழி திறக்கிறது. முதலில் மறைந்திருந்து, பின்னர் பரவ வேண்டிய கிருமிக்கு இவ்விரண்டும் வேண்டியவையே. உணவிற் பெருகும் சில இனங்களோ கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாத நஞ்சை உண்டாக்குகின்றன. ஆறிக்கிடந்த உணவை மீண்டும் சூடாக்கி உண்டும் வாந்தி வருவது இதனாலேதான்.

பண்டபேர்க் துயரம் நிகழ்ந்த அதே 1928ஆம் ஆண்டு செப்டம்பரில், இலண்டனிலே அலெக்சாந்தர் பிளெமிங் இதே இனக் கிருமியை வளர்த்த தட்டொன்றிற் பூஞ்சணம் படர்ந்து, கிருமிக் கூட்டங்கள் கரைந்திருப்பதைக் கண்டார். அதிலிருந்து பெனிசிலின் பிறந்தது. எனினும், வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியமுடைய இனங்கள் 1940களிலேயே மருத்துவமனைகளிற் பரவின. அந்நொதியத்துக்கு ஈடுகொடுக்க மெதிசிலின் என்னும் மருந்து ஆக்கப்பட்டது. அதற்கும் அடங்காத இனங்கள் 1961இல் இங்கிலாந்திலிருந்து அறிவிக்கப்பட்டன.

மருந்துகள் மாறி மாறி வந்தாலும் பண்டபேர்க் விசாரணையின் அறிவுரை பழுதாகவில்லை. பல தடவை பயன்படுத்தும் தடுப்பூசிப் புட்டியிற் கிருமி வளராதபடி தடுப்பு மருந்து சேர்த்தல் வேண்டும் என அக்குழு வற்புறுத்திற்று. இன்று நம் குழந்தைகள் ஊசி ஏற்றிக்கொண்டு நலமாக வீடு திரும்புவதற்கு, அப்பன்னிரு குழந்தைகளின் இழப்பாற் பெற்ற அந்த எச்சரிக்கையும் ஒரு காரணமாகும்.