சயனைடு மேட்டில் நரித்தடம்

கோலார் தங்கவயலில் பனி பெய்யும், உறையாது. மார்கழி விடியலில் மாரிக்குப்பத்தில் பெங்களூர் ரயிலுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் எங்கள் குளிர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மங்கி குல்லா, மப்ளர், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். கடல்மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். வெளிநாடுகளில் உறைபனிக் காட்டுக்கும் சதுப்புக்கும் போய் ஓநாயையும் கடமானையும் பார்த்துவிட்டு வருகிறவர்களைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். பணம் கட்டிக் குளிரில் நிற்கிறார்கள். எங்கள் பக்கத்திலும் குளிர்காலத்தில்தான் மிருகம் பார்ப்பார்கள். பார்க்காமல் தூங்கினால் ஒரு வருடச் சோறு போய்விடும்.

காரணம் கேழ்வரகு. ஆடி, ஆவணியில் விதைத்தது கார்த்திகையில் முற்றும். அறுப்பு, போர், களத்தடிப்பு என்று தை வரை தானியம் வெளியில்தான் கிடக்கும். பன்றி வரும், முயல் வரும், இந்த நாற்பது வருடமாக யானையும் வருகிறது. கண்ணை விரித்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவன் காவல்காரன். இந்த வட்டாரத்து மிருகங்களின் வரலாற்றை எழுதுவதென்றால் காவல்காரனின் வாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். வேறு யாரும் விழித்திருக்கவில்லை.

இது நேற்று வந்த பழக்கமில்லை. குறிஞ்சித் திணைக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனத்தில் கிளி ஓட்டத் தழல், தட்டை, குளிர் என்று கருவிகளே வரும். பகலில் கிளிக்குப் பெண்கள், இரவில் யானைக்கும் பன்றிக்கும் பரண்மேல் ஆண்கள். புலவர்களுக்குக் காதல் முக்கியம். அந்தப் பரண்காரன் பாவம், தலைவனின் வழியில் நிற்கிற இடைஞ்சலாகவே பாட்டில் வந்து போகிறான்.

கன்னட நாட்டில் அவனுக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை கிடைத்தது, கல்லில். மண்டியா பக்கத்து ஆதக்கூர்க் கல்லைச் சொல்கிறேன். தக்கோலப் போரில் ராஜாதித்த சோழர் வீழ்ந்ததைப் பேசுகிற, பத்தாம் நூற்றாண்டின் நடுவில் வெட்டிய அதே கல்வெட்டு, காளி என்ற வேட்டைநாய் காட்டுப்பன்றியோடு பொருது இரண்டும் செத்த கதையையும் சொல்கிறது. நாய்க்காக நிலம் விட்டிருக்கிறார்கள். கல் இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலத்துக்காக அதைப் பார்க்கப் போகிற தமிழர்கள், நாயும் பன்றியும் செதுக்கிய பக்கத்தையும் ஒரு நிமிடம் பார்க்கலாம்.

இனி எங்கள் ஊர். 1802இல் மைசூரின் கிழக்கெல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், மாரிக்குப்பம் பக்கம் ஜனங்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். எழுபது வருடம் கழித்து லாவெல் என்ற அயர்லாந்துக்காரச் சிப்பாய் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு உரிமம் கேட்டார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கத்திலிருந்தும் எங்கள் பாட்டன்மார் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரும்வரை எல்லாம் நீராவிதான். கொதிகலன் நிலக்கரியும் தின்றது, விறகும் தின்றது. விறகு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊரைச் சுற்றியுள்ள மொட்டைக் குன்றுகளைப் பார்த்தால் புரியும். மின்சாரம் வந்ததை நாகரிகம் வந்த கதையாகவே எழுதுகிறார்கள். மிச்சமிருந்த புதர்க்காட்டுக்கு அது உயிர்ப்பிச்சை என்று நான் நினைக்கிறேன்.

மூடுகிறவரை ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்ததாகக் கணக்குச் சொல்வார்கள். ஒரு டன் பாறைக்குச் சில கிராம். மீதி முழுக்க மாவாக அரைபட்டு, சயனைடில் ஊறி, மேடாகக் குவிந்தது. சினிமாவில் சண்டைக் காட்சிக்குப் பின்னால் தெரிகிற அந்த வெளிறிய மலைகள்தாம். கோடையில் காற்றடித்தால் அந்தத் தூசு சோற்றில் விழும். குளிர்காலத்தில் அதற்கு வேறு குணம். ராத்திரிப் பனியில் மேல்மண் நனைந்து லேசாக இறுகும், விடியும்போது மேலே நடந்த எதுவும் அச்சு அச்சாகப் பதிந்திருக்கும். உறைபனி நாட்டுக்காரர்கள் பனித்தரையில் தடம் படிக்கிற மாதிரி எங்கள் அப்பா சயனைடு மேட்டில் படித்தார்.

அப்பாவுக்குச் சுரங்கத்தின் மேல்தளத்தில் காவல் வேலை. தாதுக்கல்லும் செம்புக் கம்பியும் வேலி தாண்டிப் போகாமல் பார்க்க வேண்டும். அதனால் அவர் தேடியதெல்லாம் மனிதத் தடம். மிருகத்தடம் வழியில் கிடைத்த உபரி. ஷிப்ட் முடிந்து வந்து, டீயை ஊதிக்கொண்டே அம்மாவிடம் சொல்வார்: “ராத்திரி ரெண்டு நரி. ஒண்ணு நொண்டி.” நொண்டி என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். சின்னப் பையன் நான், மேட்டுப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கூட்டிப்போனார்.

வரிசையாக வந்த தடத்தில் மூன்று பதிவு ஆழம், நாலாவது மேலாக, கொஞ்சம் இழுபட்டு. “கால ஊனல, பாரு” என்றார். நகம் பதிந்தால் நாய்ச்சாதி, பதியாவிட்டால் பூனைச்சாதி என்று முதல் பாடம். சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நரியால் முடியாது. கழுதைப்புலிக்கு நகமும் பதியும், முன்னங்கால் பெரிது, பின்னங்கால் சிறிது, அளவே பொருந்தாமல் இரண்டு மிருகம் நடந்த மாதிரி இருக்கும். அந்தத் தடத்தை அவர் எனக்குக் காட்டியது ஓரிரு தரம்தான். லைன் வீடுகளுக்குப் பின்னால் செத்த மாடு போட்ட காலங்களில். தடத்தின் பக்கத்தில் தன் பூட்ஸ் காலை வைத்து அளப்பார். எதையும் எழுதிவைக்கவில்லை. சுரங்கத்தில் எல்லாவற்றுக்கும் ரிஜிஸ்தர் உண்டு, நரிக்குக் கிடையாது.

துரைமார்களும் துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஞாயிறன்று மான் சுடப் போனார்கள். கிளப் சுவர்களில் கொம்புகள் தொங்கின. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

யானைக்கு வருகிறேன். அப்பா காலத்தில் தங்கவயல் பக்கம் யானை என்றால் கோயில் யானை, இல்லாவிட்டால் சர்க்கஸ் யானை. ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டை எங்களுக்குப் பக்கத்தில்தான். அவருடைய படையில் யானை இருந்தது, எங்கள் காட்டில் இல்லை. எல்லைக்கு அந்தப்புறம் ஆந்திராவிலோ ஏறத்தாழ இருநூறு வருடமாகக் காட்டு யானையே கிடையாது. 1980களின் தொடக்கத்தில் ஆனேக்கல், ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து ஒரு கூட்டம் கிழக்கே நகர்ந்து சித்தூர் மாவட்டத்துக்குள் நுழைந்தது. மழை பொய்த்தது, காடு துண்டு துண்டானது, அவற்றுக்கும் வேறு வழியில்லை. குப்பம், பலமனேர் காடுகளில் தங்கிவிட்டன. 1990இல் ஆந்திர அரசு கவுண்டின்யா சரணாலயத்தை அறிவித்தது. குப்பத்துக்கும் ஓசூருக்கும் இடையில் எங்கள் பங்காருப்பேட்டைத் தாலுகா கிடக்கிறது. காமசமுத்திரம், பிசாநத்தம் பக்கத்து ஜனங்கள் தாத்தனுக்குத் தெரியாத ஒரு வேலையைப் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று.

கற்றுக்கொண்டார்கள். என் மைத்துனருக்குக் காமசமுத்திரம் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம். சுரங்கம் 2001 பிப்ரவரி கடைசியில் மூடியபோது அங்கே நான் பார்த்த எலெக்ட்ரீஷியன் வேலை போய்விட்டது. பெங்களூரில் இன்னொன்று கிடைக்கிற வரை அவரோடு போய்ப் பரணில் உட்கார்ந்தேன். புளியமரக் கவையில் நாலு கழி கட்டி, மேலே கேழ்வரகுத் தாள் பரப்பியது பரண். ஒரு எண்ணெய் டின், ஒரு கம்பி, மூணு செல் டார்ச், வெடிக்கட்டு. கீழே வேர்க்கட்டையில் நெருப்பு. குளிர் முதலில் முழங்காலில்தான் ஏறும்.

முதலில் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சரக் சரக்கென்று யாரோ புல் பிடுங்குகிற மாதிரி, நடுவில் தட் தட்டென்று ஓர் அடி. யானை தாளைத் தும்பிக்கையில் சுற்றிப் பிடுங்கும், வேர்மண் போக முன்னங்காலில் ரெண்டு தட்டு தட்டும், அப்புறம் வாய்க்குள். எங்கள் அம்மா கீரை ஆய்வதைவிடச் சுத்தம். மைத்துனர் டின்னை எடுக்கவில்லை.

“மாமா, ஒத்தை. வெடி வேணாம்.”

“ஏன் மச்சான்?”

“கூட்டம்னா குட்டிய இழுத்துக்கிட்டுப் போயிடும். ஒத்தைக் கொம்பன் வெடிச் சத்தம் வந்த பக்கமே வரும்.”

கூட்டத்தைவிடத் தனிக் கொம்பன் ஆபத்து என்பதை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் 1980களில் சத்தியமங்கலம் காடுகளில் ஆராய்ந்து, வயலில் இறங்குவதில் வளர்ந்த ஆண் யானைகள் குட்டியோடு திரியும் கூட்டங்களைவிடப் பல மடங்கு முன்னால் நிற்கின்றன என்று எண்ணிக்கையோடு காட்டினார். காட்டுப் புல்லைவிடக் கேழ்வரகில் சத்து கூடுதல். அதைத் தின்று கொழுத்த ஆணுக்கு இணை தேடுவதில் பலன் உண்டு, அதனால் துணிகிறது என்பது அவர் விளக்கம். நாம் கஞ்சி குடிக்கிற அதே காரணத்துக்காகத்தான் அதுவும் வருகிறது.

விடிந்ததும் மைத்துனர் கயிறு எடுத்தார். முன்னங்கால் தடம் வட்டம், பின்னங்கால் தடம் கொஞ்சம் நீளவாட்டு. முன்தடத்தைச் சுற்றிக் கயிறு வைத்து, அந்த அளவை இரட்டித்து, வேலிக்கம்பத்தின் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். தோள் உயரம் அதுதான். கம்பத்தைத் தாண்டியது கயிறு. யார் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, வனத்துறையில் தினக்கூலியாக இருக்கிற வாட்சர் என்றார். அப்பா பூட்ஸால் அளந்தது ஞாபகம் வந்தது.

மூடிய சுரங்கத்தைச் சுற்றிய நிலம் இப்போது வேறு மாதிரி. ஷாஃப்ட் கோபுரங்கள் துருப்பிடிக்க, கம்பெனி நிலத்தில் சீமைக்கருவேலமும் புல்லும் ஏறிவிட்டன. வெட்டவெளிப் புல்லில் முறுக்குக் கொம்புத் திருகுமானை நானே பார்த்திருக்கிறேன். ரயிலில் தூங்காமல் வருகிறவர்களுக்குத்தான் இது கிடைக்கும். பெரும்பாலோர் தூங்குவார்கள், நியாயம்தான். விடிகாலையில் கிளம்பினவர்கள்.

யானை பெரியது, எல்லோருக்கும் தெரிகிறது. உலகத்தில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் இருக்கிற ஒரு பாலூட்டியை நான் ஐம்பது வயதுவரை கேள்விப்பட்டதில்லை. கோலார் இலைமூக்கு வௌவால். ஜெர்மானிய விலங்கியலாளர் டீட்டர் காக்கும் நம் எச்.ஆர். பட்டும் சேர்ந்து 1994இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் உருவம், மூக்கின்மேல் இலைபோல் தோல்மடிப்பு. தேரஹள்ளிக் குன்றின் குகையில் இருந்தது அங்கிருந்து போய்விட்டது. இப்போது ஹனுமனஹள்ளியில் ஒரே ஒரு குகை. மொத்தமே இருநூறுக்குக் கீழே என்பது கணக்கெடுத்தவர்கள் சொன்னது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2016இல் அதை அழிவின் விளிம்பில் உள்ளதாகச் சேர்த்தது. எதிரி கிரானைட். குன்றில் வெடி வைத்தால் குகைக்கூரை அதிரும். ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பார்கவி ஸ்ரீநிவாசுலு போன்றவர்கள் அலைந்து அலைந்து எழுதியதில் அங்கே கல்லுடைப்பு நின்றது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் பாறையைக் குடைந்த ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் கூச்சம் உண்டு. துளை போடுவதில் எங்களுக்கிருந்த ஆர்வம், ஏற்கெனவே இருந்த துளைக்குள் எட்டிப் பார்ப்பதில் இல்லை.

பரணும் மாறிவிட்டது. மைத்துனர் வயலைச் சுற்றிச் சோலார் வேலி. பிஞ்சு மரத்தை முறித்து அதன்மேல் சாய்த்து யானை தாண்டிவிடுகிறது. யானை எந்தத் தோப்பில் நிற்கிறது என்று சாயங்காலமே போனில் தகவல் வரும். அதைவிடப் பெரிய மாற்றம் தண்ணீர். 2018இலிருந்து பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியாகக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு விடுகிறார்கள். காய்ந்து வெடித்துக் கிடந்த ஏரிகளில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கிறது. கேழ்வரகு போட்டவர்கள் தக்காளிக்கும் தீவனச் சோளத்துக்கும் மாறுகிறார்கள். யானை, முன்பெல்லாம் மாசி பிறந்தால் திரும்பிவிடும். தண்ணீரும் தீனியும் கோடையிலும் இருந்தால் எதற்குத் திரும்ப வேண்டும்?

போன தையில் களத்தில் தூற்றிக்கொண்டிருந்தபோது மைத்துனர் இதைத்தான் கேட்டார். பன்னிரண்டு மாதமும் பரணில் உட்கார்ந்தால் பகலில் யார் உழுவது என்று. அவருடைய பையன் பெங்களூரில் டெலிவரி வேலை பார்க்கிறான், ராத்திரி ஷிப்ட். அவனைக் கூப்பிட்டு மாதச் சம்பளம் கொடுத்துக் காவலுக்கு வைத்தால் கட்டுப்படியாகுமா என்று என்னிடம் கணக்குப் போடச் சொன்னார். போட்டுப் பார்த்தேன். கேழ்வரகு விலைக்குக் கட்டாது, தக்காளி ஏறினால் கட்டும்.